கிரேயான்ல பேர் எழுதி ஒட்டியிருக்கேன்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சௌக்கியம். உங்கப்பா முட்டிவலின்னு சொல்லிக்கிட்டே தோட்டத்துக்குப் போறார். மேலவீட்டுக் கல்யாணத்துக்கு நீ ஏன் வரலைன்னு கேக்காத ஆள் இல்லை. லீவு கிடைக்கலைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

பார்சல்ல முறுக்கு, வத்தல், நெய் இருக்கு. கூடவே ஒரு டப்பா கிரேயான். சின்னவன்கிட்ட ஏற்கனவே எத்தனை டப்பா கிடக்குன்னு எனக்கும் தெரியும், முனகாதே. ஒவ்வொண்ணையும் நான்தான் ரெண்டா ஒடிச்சேன். ஒடஞ்சு வந்திருக்குன்னு தூக்கிப் போட்டுறாதே. துண்டு சின்னதா இருந்தாத்தான் பிள்ளை கை முழுக்கப் பொத்திப் பிடிக்காம விரல் நுனியில பிடிக்கும். பின்னாடி பென்சிலுக்கு அதுதான் பழக்கம். ஒவ்வொரு துண்டுலயும் தாளைச் சுத்தி, பச்சை, சிவப்பு, பழுப்புன்னு பேர் எழுதி ஒட்டியிருக்கேன். அந்தத் தாளைக் கிழிக்காம பாத்துக்க.

கலர் அடிச்சா மட்டும் வாசிப்பு வந்துராது. புத்தகம் புத்தகமா அடிச்சுத் தள்ளிட்டு ஒரு எழுத்தும் தெரியாம இருந்த பிள்ளைகளை அங்கன்வாடியில நிறையப் பாத்திருக்கேன். பக்கத்துல உக்காந்து பேசணும். 'ப'ன்னு ஆரம்பிக்கிறதுக்கு மட்டும் கலர் அடின்னு சொல்லு. பந்து, பல்லி, பலாப்பழம். மரத்தை விட்டுறணும். வாயால சொல்லிப் பாத்துட்டுத்தான் கிரேயானைத் தொடணும். முடிச்சதும் என்ன படம்னு கேளு. "ஆச்சி வீட்டு மாடு என்னை முட்ட வந்துச்சு"ன்னு சொன்னான்னா, அவன் சொன்ன மாதிரியே படத்துக்கு அடியில எழுதி, விரல் வச்சு வாசிச்சுக் காட்டு. மறுநாள் அவனே விரல் வச்சு வாசிப்பான். மனப்பாடமா ஒப்பிக்கிறான்னு சொல்லிறாதே. முதல்ல அப்படித்தான் வரும், அப்புறம்தான் ஒவ்வொரு எழுத்தா அடையாளம் பிடிபடும். கலர் கோட்டுக்கு வெளியே போனா போகட்டும். நீ அந்த வயசுல கோட்டைத் தாண்டவே மாட்டே, எல்லார்கிட்டயும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கேன். அதுக்காக அவனை அதட்டாதே. போன்ல நீ அதட்டுறது இங்க வரைக்கும் கேக்குது.

ராத்திரி சின்னவனோட பள்ளிக்கூடத் தாளைப் படம் எடுத்து அனுப்பிட்டு உடனே அழிச்சியே, அதை நான் பாத்துட்டேன். கேக்க வேண்டாம்னுதான் இருந்தேன். ஊர்ல யார்கிட்ட வேணா மறை, அம்மாகிட்ட என்னத்துக்கு?

'ப' இருக்கிற கட்டத்துக்குப் பச்சை, 'ம' இருக்கிற கட்டத்துக்குச் சிவப்பு. அதானே பாடம்? கீழே மிஸ் 'எழுத்து தெரியவில்லை'ன்னு எழுதியிருந்தாங்க. அவங்க படத்தைச் சரியாப் பாக்கலை. 'ப' இருக்கிற கட்டம் எல்லாத்துக்கும் பழுப்பு அடிச்சிருக்கான். ஒரு 'ப'வையும் விடலை, ஒரு 'ம'வுலயும் அந்தப் பழுப்பு படலை. எழுத்து தெரியாத பிள்ளை இப்படி அடிக்குமா? எழுத்தெல்லாம் சரி. கலர்தான் மாறியிருக்கு.

உன் மாமா ரயில்வே மெடிக்கல்ல திரும்பி வந்த கதை உனக்குத் தெரியும். அவனுக்குச் செடியில பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் ஒண்ணுபோலத்தான். இந்த நிறக்குருடு தாய் வழியா வர்றது. அதைச் சுமக்கிற பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் பார்வையில எந்தக் குறையும் தெரியாது, ஆனா பெத்த பையனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. எங்கம்மா, நான், நீன்னு வந்திருக்கலாம். இதை எப்படிச் சொல்றதுன்னு முறுக்கு சுட்டு முடியுற வரைக்கும் யோசிச்சேன். உங்க வழியில வந்ததுன்னு உன் மாமியார் ஒரு வார்த்தை சொல்லிட்டா உனக்குத் தாங்காது. சொன்னா சொல்லட்டும். நாலு வயசுப் பிள்ளைக்கு மக்குன்னு பேர் வாங்கிக் கொடுக்கிறதைவிட அது ஒண்ணும் பெருசில்லை.

பயப்படாதே. இதுக்கு வைத்தியம் கிடையாது, ஆனா பிறவியில வந்தது நாளுக்கு நாள் கூடவும் செய்யாது. கண் டாக்டர்கிட்ட இஷிஹாரான்னு புள்ளி புள்ளியா ஒரு படம் இருக்கும். எண் தெரியாத பிள்ளைன்னா, புள்ளிக்குள்ள வளைஞ்சு போற கோட்டை விரலால தடவிக் காட்டச் சொல்லுவாங்க. நான் நினைக்கிறது தப்பாவும் இருக்கலாம், அதுக்குத்தான் பாக்கச் சொல்றேன்.

அதுவரைக்கும் எந்தக் கலர்னு அவன் பேரை வாசிச்சுத்தான் எடுக்கணும். பச்சையும் பழுப்பும் ரெண்டுமே 'ப'வுலதான் ஆரம்பிக்குது. அடுத்த எழுத்தையும் பாக்காம எடுக்க முடியாது, அதுவும் நல்லதுதான். மிஸ்கிட்ட சண்டைக்குப் போகாதே. அந்தத் தாளைக் கையில எடுத்துட்டுப் போய், கட்டம் கட்டமாக் காட்டு. தாளைக் கிழிச்சுப் போட்டிருக்க மாட்டேல்ல?

மருமகன்கிட்ட சொல்லிட்டியா? சொல்லு. டாக்டர்கிட்ட போறப்ப நான் கூட வரணும்னா ஒரு போன் போடு. பொதிகையில டிக்கெட் கிடைக்கலைன்னா பஸ் ஏறி வந்துருவேன். உங்கப்பாவுக்குச் சோறு மேலவீட்டுல பாத்துக்கிடுவாங்க.

இப்படிக்கு
அம்மா