450 வாட் என்று விற்ற 216 வாட் எஸ்எம்பிஎஸ்: தங்கள் ‘எடிட்டிங் + கேமிங்’ தொகுப்பு குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதல்முறை கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கென்று தாங்கள் விற்கும் ‘எடிட்டிங் + கேமிங்’ தொகுப்பை ரூ.41,500 கொடுத்து வாங்கினோம். வீடியோ எடிட்டிங், 1080பி மானிட்டரில் சுமாரான கேம்கள். இதுதான் தேவை என்று கொட்டேஷன் கேட்ட மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தோம். பாகங்களைத் தேர்வு செய்தது தங்கள் நிறுவனம். இப்போது வீடியோவை எக்ஸ்போர்ட் கொடுத்தாலோ, கேம் சற்று நேரம் ஓடினாலோ, மெஷின் பட்டென்று அணைந்துவிடுகிறது. தங்கள் சர்வீஸ் ஊழியர் சொன்னபடி விண்டோஸை மறுபடி ஏற்றியும் பயனில்லை. ஏற்றச் சொன்னதே தவறு. எர்ரர் எதுவும் காட்டாமல் பளு ஏறும்போது மட்டும் மின்சாரம் போனதுபோல் அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி.

அதன் மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே இருப்பதோ 18 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 216 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கில் காட்டியிருக்கும் மிச்ச வாட் இவற்றுக்கு உதவாது. தொகுப்பில் உள்ள ரைஸன் 5 5500 ப்ராசசர் முழுப் பளுவில் 88 வாட் வரை இழுக்கும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டுக்கு 107 வாட். இரண்டுக்கும் மட்டுமே 195 ஆகிவிட்டது. மதர்போர்டு, விசிறிகள் எல்லாம் சேர்ந்தால் 216 எட்டிவிடும். கார்டு கண நேரத்துக்கு இழுக்கும் உச்ச மின்சாரத்தை இதில் சேர்க்கவே இல்லை. யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்தில் மிச்சம் பிடித்த கதை.

இதைவிடக் கவலை தருவது கார்டுக்கு மின்சாரம் போகும் வழி. அதற்கு வேண்டிய 6 பின் கேபிள் இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கிடையாது. பழைய டிஸ்க்குகளுக்கான மோலெக்ஸ் முனையை 6 பின்னாக மாற்றும், மெல்லிய வயர் கொண்ட கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறீர்கள். 6 பின் வழியாக 75 வாட் வரை போகலாம். கன்வெர்ட்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் ஏற்கெனவே பழுப்பேறியிருக்கிறது, படம் இணைத்துள்ளோம். அதைக் கழற்றி வைத்துவிட்டோம். ஆகவே கம்ப்யூட்டர் இப்போது பயன்பாட்டில் இல்லை.

கார்டு விஷயத்துக்கு வருகிறோம். 6500 எக்ஸ்டி ஸ்லாட்டில் நீளமாக உட்கார்ந்தாலும் உள்ளே தரவு போகும் பாதைகள், அதாவது லேன்கள், நான்குதான். கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0 தலைமுறையாக இருந்தால் அந்த நான்கில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும், 3.0 என்றால் அதில் பாதி. தாங்கள் கொடுத்த ஏ520 போர்டு 3.0. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து இந்த ஒடுங்கிய வழியாகத்தான் இழுக்க வேண்டும், அதனால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. கூடுதல் பணம் கொடுத்தால் 4.0 உள்ள பி550 போர்டு மாற்றித் தருவதாகத் தங்கள் தரப்பில் சொன்னார்கள். ஆனால் ரைஸன் 5 5500 ப்ராசசரே 3.0 மட்டும் கொண்டது. எந்த போர்டில் வைத்தாலும் இந்தக் கார்டுக்கு 4.0 கிடைக்காது. தெரிந்தே சொன்னார்களா, தெரியாமலா என்பதைத் தங்கள் முடிவுக்கு விடுகிறோம்.

எடிட்டிங்குக்கு என்று விற்ற தொகுப்பில் இந்தக் கார்டைச் சேர்த்தது இன்னும் விசித்திரம். எக்ஸ்போர்ட்டை வேகமாக்கும் வீடியோ என்கோடர் 6500 எக்ஸ்டியில் இல்லை. 5500 ப்ராசசரில் உள் கிராபிக்ஸும் இல்லை. எனவே எக்ஸ்போர்ட் வேலை முழுவதும் ப்ராசசர் தலையில் விழுகிறது. போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டும் இதே காரணத்தால் வெறும் ஓட்டைதான். மானிட்டரை அதில் செருகி ‘டிஸ்ப்ளே வரவில்லை’ என்று அழைத்தபோது, கேபிளைக் கார்டில் மாற்றிச் செருகச் சொல்லாமல், போர்டு கோளாறு என்று பதிவு செய்தார் தங்கள் ஊழியர்.

ரேம்: கொட்டேஷனில் ‘16 ஜிபி, 3200’. வந்தது ஒற்றை 16 ஜிபி குச்சி, பக்கத்து ஸ்லாட் காலி. ரேமை 3200 வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் ஆன் செய்யாததால் ஓடுவது 2400-ல். 8 ஜிபி இரண்டு போட்டு 3200-ல் ஓடினால் நொடிக்கு 51.2 ஜிபி கிடைக்க வேண்டிய இடத்தில் இப்போது 19.2. எக்ஸ்எம்பி ஆன் செய்வது இரண்டு நிமிட வேலை. அசெம்பிளிங் கட்டணம் வாங்கிய பிறகு அதையாவது செய்திருக்கலாம்.

எஸ்எஸ்டி: கேட்டதும் கொட்டேஷனில் இருப்பதும் 512 ஜிபி என்விஎம்இ எனும் வேகமான வகை. வந்தது அதே எம்.2 வடிவில் இருக்கும், ஆனால் மெதுவான சாட்டா வகை. முனையில் இரண்டு வெட்டு இருப்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்தது, டிஸ்க் விவரம் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளும் சாட்டா/600 என்றே காட்டுகிறது. இதன் உச்சம் நொடிக்கு 550 எம்பி அளவு. தினசரி வேலைக்கு இது போதும்தான், ஆனால் விலை வாங்கியது என்விஎம்இக்கு.

பில்லில் ‘கம்ப்யூட்டர் செட் - 1’ என்று ஒரே வரி. பாகங்களின் பெயரோ சீரியல் நம்பரோ இல்லை, பெட்டிகளும் தரவில்லை. பெட்டி ப்ராசசருடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் விசிறிக்குப் பதில் பெயர் தெரியாத விசிறி இருக்கிறது. அப்படியானால் இது பெட்டியின்றி மொத்தமாக வரும் ட்ரே ப்ராசசரா? ஏஎம்டியின் 3 ஆண்டு வாரண்டி பெட்டியில் வருவதற்குத்தான்.

எங்கள் கோரிக்கை இது. 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத, 6+2 பின் கேபிள் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் உடனடியாக வேண்டும். கார்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கொடுங்கள், விலை வித்தியாசத்தைத் தருகிறோம். அதில் எட்டு லேன், என்கோடரும் உண்டு, 3.0 போர்டிலும் பெரிதாக அடிவாங்காது. அது இயலாதென்றால் ப்ராசசரை உள் கிராபிக்ஸ் உள்ள ரைஸன் 5 5600ஜி ஆக மாற்றி, கார்டின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இரண்டில் எதுவானாலும் ரேம் 8 ஜிபி இரண்டாக இருக்க வேண்டும். 5600ஜியின் உள் கிராபிக்ஸ் ரேமையே நம்பியிருப்பதால் அங்கே அது கட்டாயம். எஸ்எஸ்டியைக் கொட்டேஷன்படி மாற்றி, பாகம்வாரியாக விலையும் சீரியல் நம்பரும் எழுதிய ஜிஎஸ்டி பில்லும் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி எங்கள் மாவட்ட ஆணையத்தை அணுகுவோம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், கொட்டேஷன் நகல்கள், எஸ்எம்பிஎஸ் லேபிள், கன்வெர்ட்டர் படங்கள், ரேம், எஸ்எஸ்டி விவரத் திரைப்பிடிப்புகள்.