கிணற்றடியில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், 60 அடி ஆழமுள்ள கிணற்றின் நடுவில், இடுப்பில் கயிறு இல்லாமல், காற்றடித்த லாரி டியூப் இல்லாமல் மல்லாந்து மிதந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் 200 வரைக்கும் எண்ணினார்களாம். எனக்கு எதுவும் கேட்கவில்லை, காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. எனக்கு வயது 44. நேரில் நன்றி சொல்லப் போனால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி, யாரென்றே தெரியாத ஓர் அம்மாவுக்கு. ஒன்பது வயதில் காளிங்கராயன் வாய்க்காலில் துணி துவைக்கும் கல்லிலிருந்து வழுக்கி விழுந்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவர் அவர்தான். உயிர் தப்பியது, ஆனால் பயம் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது. தலைக்கு ஊற்றும்போதுகூட மூச்சு முட்டும். 1994-ல் குற்றாலீஸ்வரன் ஒரே வருடத்தில் ஆறு கடற்பரப்புகளை நீந்திக் கடந்தபோது, அவர் என் வயதுப் பையன், ஊரே அதைப் பேசியது, நான் மட்டும் பேப்பரில் அந்தக் கடல் படத்தைப் பார்க்க முடியாமல் பக்கத்தைத் திருப்பினேன். கல்யாணமாகி வந்த பிறகும் ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறைக்குப் போனால் எல்லோரும் முங்கி எழுவார்கள், நான் மேல்படியிலேயே நின்று சொம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்வேன்.

பக்கத்து வளவு அக்கா, உங்களுக்கு எப்படிச் சொல்வது! தை மாதம், மழைக்குப் பிறகு கிணறு நிறைந்து கிடந்தபோது, "சும்மா வந்து படியில உட்காரு, தண்ணிக்குள்ள கால மட்டும் விடு" என்று கூப்பிட்டீர்கள். மூன்று வாரம் அதுதான் பாடம். வேறு யாராவது இருந்தால் பிடித்துத் தள்ளிவிட்டிருப்பார்கள், "தள்ளிவிட்டாத் தானா வரும்" என்பது ஊர் வழக்கம்தானே. பயந்தவர்களைத் தள்ளிவிடுவது தப்பு, அதைச் செய்யாதீர்கள் என்று இதைப் படிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அக்கா என்னைக் கடைசி வரைக்கும் தள்ளவே இல்லை.

டியூபை விட்டு நான் நழுவிய அந்த நாளையும் சொல்லியாக வேண்டும். இரண்டு கையையும் மேலே தூக்கினேன், தலையை நிமிர்த்தினேன், கத்தினேன். கத்தின வாயில் தண்ணீர், மூக்கில் எரிச்சல், கண்ணுக்கு முன்னால் பாசி படிந்த கல். அப்போது மேல்படியிலிருந்து தோட்டத்து அப்புச்சி, என் இடுப்புக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "கயிறு என்ற கையில இருக்குது அம்மிணி. தண்ணிகூட மல்லுக்கட்டாத. காது நனையட்டும்." காதை நனைப்பது சின்ன விஷயம்போலத் தெரியும், எனக்கு அதுதான் பெரிய மலை. காது முங்கினால் தலை முங்கும், தலை முங்கினால் முடிந்தது என்றே 35 வருடமாக நினைத்திருந்தேன். அன்றைக்கு அண்ணாந்தேன். காது முங்கியது, முகம் முங்கவில்லை! தண்ணீருக்குள் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது, வேகமாக அடித்து, அப்புறம் மெதுவாக. மேலே சதுரமாக வானம், கிணற்றுச் சுவர்ப் பொந்திலிருந்து ஒரு புறா பறந்தது.

அது ஏன் அப்படி என்று அப்புறம் விளக்கியவன் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி. சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கச் சொன்னான், அது கையை மேலே தள்ளியது. "இழுத்துப் பிடிச்ச மூச்சு இந்தச் சொம்புக்குள்ள இருக்கற காத்து மாதிரிங்க்கா. கத்துனா அது வெளிய போயிரும். தண்ணிக்குள்ள இருக்கற கைக்கு வெயிட்டே தெரியாது, வெளிய தூக்குனா அந்த வெயிட்டு முழுக்க உங்களைத்தான் கீழ அமுக்கும்." எத்தனையோ பேர் தைரியமாக இரு என்று சொல்லியிருக்கிறார்கள், அதை வைத்து நான் என்ன செய்வது? மூச்சை இழுத்துப் பிடி, கையை உள்ளே வை, காதை நனை என்றால் செய்ய முடிகிறது. அந்தத் தம்பியும் அவன் கூட்டாளிகளும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை கிணற்றை எங்களுக்காக விட்டுக்கொடுத்தார்கள். விடுமுறை நாளில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும் சாமிகளா.

லாரிப் பட்டறை அண்ணா, டியூபுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றீர்கள், இரண்டு தடவை பஞ்சரும் ஒட்டிக் கொடுத்தீர்கள். அத்தை, நீங்கள் ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் மாட்டைப் பார்த்து, பால் கறந்து ஊற்றி, "எங்க போன" என்று ஒரு நாளும் கேட்காமல் இட்லியை மூடி வைத்திருந்தீர்கள்.

ஆற்றில் இறங்குவேனா என்று சிலர் கேட்கிறார்கள். இப்போதைக்கு இல்லை, ஓடுகிற தண்ணீர் வேறு கணக்கு, அதில் சுழலும் இருக்கும். இந்த ஆடி 18-க்குக் கூடுதுறையில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு படியில் இறங்கி மூன்று முங்கு போடுவேன், அவ்வளவுதான். அப்புச்சி, அந்தக் கயிற்றை மட்டும் எடுத்து வைத்துவிடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவள் இன்னும் படியில்கூட உட்கார்ந்ததில்லை.