கழிவு வெப்பத்துக்கு மானியம்: கருவிக்கா, மீண்ட யூனிட்டுக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கட்டடங்களில் வீணாகப் போகும் வெப்பத்தை மீட்கும் பணிகளுக்குப் பொது நிதியிலிருந்து மானியம் தர வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தை, கட்டட எரிசக்தித் தணிக்கை செய்யும் பொறியாளர்களான நாங்கள் வரவேற்கிறோம். தர வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதற்குத் தருவது, எப்போது தருவது என்பதில்தான் கோளாறு. ஒன்றின் வெப்பத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் வெப்பப் பரிமாற்றியை வாங்கிய பில்லைக் காட்டினால் பணம் என்று விதி வைத்தால், எல்லாக் கட்டடத்து மொட்டை மாடியிலும் பரிமாற்றி நிற்கும். அதைத் தொடாமல் ஓட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் திறந்தே நிற்கும். மீட்டரில் பதிவாகி, உண்மையில் பயன்பட்ட யூனிட்டைப் பார்த்துத்தான் மானியத்தின் கணிசமான பகுதி போக வேண்டும் என்கிறோம். காரணங்களைக் கொஞ்சம் விவரமாகவே எழுத அனுமதியுங்கள்.

வெப்பம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஏசிக்குக் குளிர்நீர் தரும் சில்லர், பாய்லர் புகைபோக்கி, ஏர் கம்ப்ரசர், வெளியே தள்ளப்படும் அறைக்காற்று, குளியலறைக் கழிவுநீர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை வாங்கிக்கொள்ள அதே கட்டடத்தில், அதே நேரத்தில், அதே வெப்பநிலையில் ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. நீச்சல்குளம் அருமையான வாடிக்கையாளர்: தண்ணீர் 27, 28 டிகிரியில் இருந்தால் போதும், இரவு பகலாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். மருத்துவமனை, விடுதி, சலவைக்கூடம் அடுத்த வரிசை. அலுவலகக் கட்டடம் கடைசி. அங்கே சில்லர் பெரிதாக இருக்கும், வெந்நீர்த் தேவையோ கை கழுவுவதோடு முடிந்துவிடும். கனடாவின் வான்கூவர் நகரத்தில் சாக்கடை நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து ஒரு குடியிருப்புப் பகுதிக்கே அனுப்பும் அமைப்பு 2010 முதல் ஓடுகிறது. அது நிலைத்து நிற்கக் காரணம், அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ள வீடுகள் பக்கத்திலேயே இருப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு எரிசக்தித் திறன் ஆணை, 1 மெகாவாட்டுக்கு மேற்பட்ட தரவு மையங்கள் தங்கள் கழிவு வெப்பத்தைப் பயன்படுத்தியாக வேண்டும் என்கிறது. ஆனால் தொழில்நுட்ப ரீதியிலோ பொருளாதார ரீதியிலோ முடியாது என்று காட்டினால் விலக்கும் தருகிறது. அந்த விலக்கு வெறும் சலுகை இல்லை. வாங்க ஆளில்லாத வெப்பத்துக்கு மதிப்பும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 350 கிலோவாட், அதாவது ஏசி கணக்கில் சுமார் 100 டன் குளிர்திறனுள்ள, காற்றால் குளிரும் ஒரு சில்லர். அது 100 கிலோவாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், வெளியே தள்ளும் வெப்பம் 450 கிலோவாட். விண்ணப்பங்களில் இந்த 450 என்ற எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். கம்ப்ரசரை விட்டு வரும் சூடான வாயுவில் டீசூப்பர்ஹீட்டர் என்ற சிறு பரிமாற்றியைப் பொருத்தினால், 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீராகக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான். 50 கிலோவாட் என்று கொள்ளுங்கள். மீதி வெப்பமெல்லாம் அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் போகிறது. வேகமாகச் சுழலும் சக்கரத்தால் வாயுவை அழுத்தும் சென்ட்ரிஃபியூகல் சில்லர்களில் இந்தப் பங்கு இன்னும் குறைவு.

முழு வெப்பத்தையும் பிடிக்க ஆசைப்பட்டு வாயு வெப்பத்தை விட்டுத் திரவமாகும் இடமான கண்டென்சரின் வெப்பநிலையை உயர்த்துவார்கள். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் கம்ப்ரசர் 2 முதல் 3 விழுக்காடு கூடுதல் மின்சாரம் கேட்கும். வெந்நீர்க் கணக்கில் வந்த லாபம் மின் பில்லில் போய்விடும். விண்ணப்பத்தில் இந்த இழப்பைக் கழித்திருக்கிறார்களா என்பதுதான் நாங்கள் முதலில் தேடும் வரி.

அந்த 50 கிலோவாட்டை எடுக்க வெந்நீர்த் தேவை எவ்வளவு? ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்மணி. நாளுக்கு 10,000 லிட்டர், 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு என்றால் ஏறக்குறைய 290 யூனிட். சில்லர் முழுச் சுமையில் 6 மணி நேரம் ஓடினால் கிடைத்துவிடும். ஆனால் சில்லர் முழு மூச்சாக ஓடுவது பிற்பகலில். வெந்நீர் கேட்பது விடியற்காலையில். ஆகவே ஏறத்தாழ ஒரு நாள் தேவை அளவுக்குத் தொட்டி வேண்டும். 10,000 லிட்டர் தண்ணீர் என்பது 10 டன் எடை. பழைய கட்டடத்தின் தளம் அதைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்ல வேண்டும். தூண்களுக்கு நேர் மேலே இரும்புச் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருக்கலாம். இத்தகைய வேலையெல்லாம் சேர்ந்தால் பரிமாற்றியின் விலையைச் சுலபமாகத் தாண்டிவிடும். மானிய விதிகளோ தொட்டி, சட்டம், குழாய், காப்புறை ஆகியவற்றைத் ‘துணைப் பொருள்கள்’ என்று ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? தொட்டி சிறியதாகும். சிறிய தொட்டி காலை 11 மணிக்கே சூடாகி நிரம்பிவிடும். பிற்பகல் வெப்பம் முழுவதும் மீண்டும் ஆகாயத்துக்குத்தான்.

தொட்டியோடு ஒரு சுகாதாரப் பிரச்சினையும் வருகிறது. லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் வளரும். ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுப்பவருக்கு நிமோனியா வரலாம். கழிவு வெப்பத்தால் அரைகுறையாகச் சூடான தொட்டி அதற்குத் தொட்டில். எனவே மீண்ட வெப்பம் முன்சூடாக்க மட்டுமே. அடுத்து ஒரு ஹீட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்க வேண்டும், சுற்றித் திரும்பும் குழாயில் 50 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்னும் பாதுகாப்பான வழி, தொட்டியில் வெப்பத்தைச் சேமிக்கும் தண்ணீர் தனி, குழாயில் வரும் தண்ணீர் தனி என்று வைத்து, இடையில் ஒரு தட்டுப் பரிமாற்றியைப் போடுவது. சில டிகிரி இழப்பு உண்டு. மருத்துவமனைக்கு இந்த இழப்பைத் தாராளமாக ஏற்கலாம். அதேபோல, குளிர்பதன வாயுவும் குடிநீரும் ஒரே தகட்டின் இரு புறம் ஓடும் பரிமாற்றி கூடாது. கசிந்தால் வெளியே தெரியும்படியான இரட்டைச் சுவர் வகையே வேண்டும்.

பம்ப் விஷயம் சின்னதுதான், ஆனால் திட்டத்தையே கவிழ்க்கும். சில்லர் நின்ற பிறகும் டீசூப்பர்ஹீட்டர் பம்ப் ஓடினால், தொட்டியில் பகலெல்லாம் சேர்த்த வெப்பம் இரவில் குளிர்பதனச் சுற்றுக்குள் திரும்பிப் போகும். காலையில் தொட்டி வெதுவெதுப்பாக இருக்கும், “இந்த அமைப்பே சரியில்லை” என்று ஆபரேட்டர் பைபாஸைத் திறந்துவிடுவார். தொட்டியின் அடிப்பகுதியைவிட வாயுக் குழாய் 5, 6 டிகிரி அதிகமாக இருந்தால் மட்டும் ஓடு, இல்லையேல் நில் என்று இரண்டு சென்சாரும் ஒரு ரிலேயும் வைத்தால் தீர்ந்தது. பம்ப் நின்ற பின் வெந்நீர் தானாக ஏறி இறங்காமல் இருக்க ஒரு செக் வால்வும் (ஒருவழி வால்வு) வேண்டும்.

கடினநீர் என்றால் உப்புப் படிவும் சேரும். 60 டிகிரிக்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். தட்டுப் பரிமாற்றியின் இடுக்குகள் சில மில்லிமீட்டர்தான், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முன்னும் பின்னும் அடைப்பு வால்வு, அமிலக் கரைசலைச் சுழலவிடுவதற்கு ஒரு ஜோடி இணைப்பு, இரு புறமும் அழுத்தமானி: இவை இருந்தால் குழாயைக் கழற்றாமல் அரை நாளில் கழுவிவிடலாம். டெண்டரில் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் இவைதான்.

பாய்லரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புகையின் வெப்பநிலை 20 டிகிரி குறைந்தால் திறன் ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். 220 டிகிரிப் புகையை 140க்குக் கொண்டுவந்து, அந்த வெப்பத்தால் பாய்லர் தண்ணீரை முன்சூடாக்கும் எக்கனாமைசர் எரிபொருளில் 4 விழுக்காடு மிச்சம் தரும். கந்தகம் உள்ள எரிபொருள் என்றால் அதற்கு மேல் பேராசை கூடாது, புகையிலுள்ள அமில ஆவி குளிர்ந்து திரவமாகிக் குழாயை அரித்துவிடும். இயற்கை எரிவாயு என்றால் புகையிலுள்ள நீராவியையே குளிர்வித்து இன்னும் எடுக்கலாம். அதற்குத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 70 டிகிரியில் திரும்பும் பழைய குழாய் அமைப்பில் கண்டென்சிங் எக்கனாமைசரை மாட்டிவிட்டு நீராவி குளிரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

மின்சாரம் போனால் மட்டும் ஓடும் ஜெனரேட்டருக்கு வெப்ப மீட்பு கேட்டு வரும் விண்ணப்பத்தைப் படிக்காமலே திருப்பி அனுப்பலாம். வருடத்தில் சில மணி நேரம் ஓடும் எஞ்சினில் எதை மீட்பது?

அறைக்காற்று பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தாளில் மிக அழகாகத் தெரிவது இதுதான். வெளியேறும் காற்றுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் இடையே பரிமாற்றியை வைத்து, நொடிக்கு 2 கன மீட்டர் காற்று, 15 டிகிரி வேறுபாடு, 60 விழுக்காடு திறன் என்றால் 21.6 கிலோவாட் மிச்சம். நல்ல எண்தான். ஆனால் அந்தப் பரிமாற்றி இரு பக்கமும் தலா 150 பாஸ்கல் அழுத்தத் தடையைச் சேர்க்கிறது. அதைத் தள்ள விசிறிகள் சுமார் 1.1 கிலோவாட் கூடுதலாக எடுக்கும், வேறுபாடு எவ்வளவாக இருந்தாலும். இதமான நாளில் வெளிக்காற்று 3 டிகிரி மட்டுமே சூடாக இருந்தால், மிச்சமாகும் குளிர்ச்சி 4.3 கிலோவாட். அதைத் தயாரிக்கச் சில்லருக்கு 1.2 கிலோவாட் மின்சாரம் போதும். 1.2 வரவு, 1.1 செலவு. அத்தகைய நாட்களில் காற்று பரிமாற்றியைச் சுற்றிப் போக ஒரு பைபாஸ் டாம்பர் இல்லையென்றால் ஆண்டு முழுவதும் விசிறிக்குத் தண்டம் கட்டுவதுதான். சமையலறைக் காற்றில் எண்ணெய்ப் பிசுக்கு, நோய்த்தொற்று அறைக் காற்றில் கிருமி: இந்த இரண்டுக்கும், இரு காற்றோட்டங்களுக்கும் இடையே மாறி மாறிச் சுழலும் சக்கர வகைப் பரிமாற்றி ஆகாது. காற்றும் காற்றும் சந்திக்காதபடி இரு காயில்களுக்கு நடுவே தண்ணீரைச் சுற்றவிடும் முறை திறனில் குறைவு, ஆனால் அங்கே அதுதான் பொருந்தும். இரண்டு டக்ட்களும் (காற்றுக் குழாய்கள்) கட்டடத்தின் எதிரெதிர் மூலைகளில் இருக்கும் பழைய கட்டடத்துக்கும் பெரும்பாலும் அதுவே வழி.

இனி மீட்டர். யூனிட்டுக்குப் பணம் என்றால் யூனிட்டைச் சரியாக அளக்க வேண்டும், இதில்தான் ஏமாற்றும் நடக்கும், ஏமாற்றமும் நடக்கும். வெப்ப மீட்டர் என்பது ஓட்டத்தை அளக்கும் ஒரு மீட்டரும், போகும் குழாயிலும் வரும் குழாயிலும் ஒவ்வொரு வெப்பநிலை சென்சாரும் சேர்ந்தது. வேறுபாடு 5 டிகிரியாக இருக்கும்போது சென்சார்கள் தங்களுக்குள் அரை டிகிரி பிசகினால் யூனிட் கணக்கு 10 விழுக்காடு பிசகும். ஆகையால் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துச் சோதித்த சென்சார்கள்தான் வேண்டும். அவை குழாயின் மேல் கட்டி வைக்காமல், வெப்பப் பசை தடவிய உறைக்குள், தண்ணீரின் நடுவே நிற்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குழாய் என்றால் ஓட்டமானிக்கு முன்னால் அரை மீட்டரும் பின்னால் கால் மீட்டரும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் விடுவது நல்லது. நெரிசலான பழைய பம்ப் அறையில் இந்த முக்கால் மீட்டர் இடத்தை வரைபடத்திலேயே பிடித்து வைக்காவிட்டால் பிறகு கிடைக்காது. மீட்டர் தொட்டிக்குள் போகும் வெப்பத்தை மட்டும் எண்ணினால் போதாது. தொட்டியிலிருந்து பயன்பாட்டுக்குப் போவதையும் எண்ண வேண்டும். இல்லையென்றால் பகலில் ஏற்றி இரவில் இழந்ததற்கெல்லாம் மானியம் போய்விடும்.

இவற்றை வைத்து மானிய விதிகளில் நாங்கள் கேட்கும் மாற்றங்கள் சில.

முதலாவதாக, ஆய்வுக்கான செலவை முழுவதும் தந்துவிடுங்கள். ஆய்வு முடிவு ‘இங்கே சரிப்படாது’ என்று வந்தாலும் தாருங்கள். திட்டம் நிறைவேறினால்தான் ஆய்வுக் கூலி என்றால், எந்த ஆய்வாளர் ‘வேண்டாம்’ என்று எழுதுவார்? ஆய்வில் குறைந்தது இரண்டு வாரம், 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவான அளவுகள் இருக்க வேண்டும். வெயில் காலம், குளிர்காலம் இரண்டிலும் எடுத்தால் இன்னும் நல்லது. கருவியின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள திறனை வைத்துப் போட்ட கணக்கை ஏற்கக் கூடாது.

அடுத்தது வரிசை. காற்றுக் கசிவை அடைப்பது, குழாய்க்குக் காப்புறை போடுவது, பர்னரைச் சரிசெய்வது எல்லாம் முடிந்த பிறகே வெப்ப மீட்பு. முதலில் எக்கனாமைசரை வாங்கிவிட்டு அடுத்த ஆண்டு பர்னரைச் சரிசெய்தால், புகையின் வெப்பம் குறைந்துவிடும், எக்கனாமைசருக்கு வேலையும் குறைந்துவிடும். ஒரே மிச்சத்துக்கு இரண்டு முறை மானியம் வாங்கியதாகவும் ஆகும்.

மானியத்தில் 40 விழுக்காட்டை நிறுத்தி வைத்து, 12 மாத மீட்டர்க் கணக்கு வந்த பிறகு தரலாம். பம்ப், விசிறி, கம்ப்ரசர் எடுத்த கூடுதல் மின்சாரத்தைக் கழித்துக்கொண்டே கணக்கிட வேண்டும். ‘முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு’ என்று ஒப்பிட ஐ.பி.எம்.வி.பி. என்ற சர்வதேச அளவீட்டு நெறிமுறை இருக்கிறது. புதிதாக ஒன்றை எழுதி உட்கார வேண்டியதில்லை. கையிருப்பு இல்லாத சிறிய நிறுவனங்களுக்கு இந்த 40 விழுக்காட்டைக் குறைந்த வட்டிக் கடனாக முன்பே கொடுத்து, மீட்டர்க் கணக்கு வந்ததும் மானியமாக மாற்றிக்கொள்ளலாம்.

காலக்கெடுவும் முக்கியம். சில்லரின் குளிர்பதனச் சுற்றை வெட்ட வேண்டுமென்றால் வாயுவை முழுவதும் சிலிண்டருக்கு எடுத்து, குழாய் இணைப்பைப் பிரேசிங் முறையில் உலோகம் உருக்கி ஒட்டி, நைட்ரஜனில் கசிவு பார்த்து, வெற்றிடம் இழுத்து, மறுபடி நிரப்ப வேண்டும். குளிர்ச்சித் தேவை குறைந்த மாதங்களில்தான் மருத்துவமனை இதற்கு இடம் கொடுக்கும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்று நெருக்கினால், வெட்டாமல் மாட்டக்கூடியது எதுவோ அதைத்தான் வாங்குவார்கள், அது பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும். விண்ணப்பித்த நாளிலிருந்து 18 மாத அவகாசம் தேவை.

கடைசியாக, விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு வரைபடத்தைக் கட்டாயமாக்கச் சொல்கிறோம்: 24 மணி நேர அச்சில், கிடைக்கும் வெப்பம் ஒரு கோடு, தேவைப்படும் வெப்பம் இன்னொரு கோடு, ஒவ்வொன்றின் வெப்பநிலையும் பக்கத்தில். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை என்றால், இடைவெளியை நிரப்பும் தொட்டியின் லிட்டர் கணக்கையும், அது நிற்கப்போகும் இடத்தையும் அதே தாளில் காட்டட்டும்.

இப்படிக்கு,
கட்டட எரிசக்தித் தணிக்கைப் பணியில் உள்ள பொறியாளர்கள் சிலர்