உதகை அரசு அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குத் தனிப் பிரிவு வேண்டி மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரரின் மகள்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: மெட்ராஸ் ரெஜிமென்ட் வரலாற்றைப் பொதுமக்கள் பார்க்கும்படி காட்சிக்கு வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அப்பா குன்னூர் அருகே உள்ள வெலிங்டனில் பயிற்சி பெற்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பணியாற்றியவர். அவருடைய டிரங்குப் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டால் அவர் கையாலேயே எழுதிய எண்ணும் பெயரும் இன்னும் அழியவில்லை. உள்ளே ராணுவப் பணி முடிந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல்கள், பட்டாலியன் குரூப் போட்டோ. எங்கள் பக்கத்தில் இப்படிப் பல வீடுகளில் பெட்டிகள் இருந்தன. பெரியவர்கள் காலமானதும் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது.

1758-இல் தொடங்கிய இந்தப் படை, இந்திய ராணுவத்தின் மிகப் பழமையான காலாட்படை ரெஜிமென்ட். சின்னத்தில் உள்ள யானை, 1803-இல் மராத்தியருக்கு எதிராக நடந்த அசாயே போரின் நினைவாகக் கிடைத்தது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்ற திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்ததுதான் இன்றைய 9-ஆவது பட்டாலியன். தென்னாட்டார் போருக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டிய வெள்ளைக்காரர்கள், 1920-களில் மெட்ராஸ் படைகளைக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டு, அவர்களே திரும்ப உருவாக்கினார்கள். அந்த அவமானத்தையும் தாண்டி, 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று முழங்கி முன்னேறியவர்கள் நம் ஆட்கள். இது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டன் ஸ்ரீநாகேஷ் பேரக்ஸில்தான் இருக்கிறது. ஆனால் அது ராணுவப் பகுதி. நினைத்தபோது யாரும் உள்ளே போக முடியாது. அந்தக் கட்டுப்பாடு சரிதான், அதைத் தளர்த்தக் கேட்கவில்லை. மலை ரயிலில் வெலிங்டனைக் கடந்து உதகைக்கு வருபவர்களும், நம் ஊர்ப் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொள்ள வெளியில் ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எனவே, உதகை அரசு அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்குத் தமிழ் விளக்கங்களுடன் ஒரு தனிப் பிரிவு அமைக்க அருங்காட்சியகங்கள் துறைக்குப் பரிந்துரைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்பாகவே, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் முகாம் நடத்தி, குடும்பங்கள் தர விரும்பும் பொருட்களை ரசீது கொடுத்துப் பெற வேண்டும். வயதான வீரர்களின் அனுபவங்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்ய வேண்டும். பலருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, ஆகவே இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அப்பாவின் பெட்டியை முதல் பொருளாக ஒப்படைக்க அம்மாவும் நானும் சம்மதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பெட்டி, குரூப் போட்டோ ஆகியவற்றின் படங்கள்; டிஸ்சார்ஜ் புத்தக நகல்.