உறுமி வெடித்த கதை

டேய் குப்பு மாப்பிள்ளை,

நேற்றுக் காலையில் உன்னைக் காட்டிக்கொடுத்தது நான்தான். வீட்டுக்குப் போய் வேறு யாரையும் சந்தேகப்பட்டுச் சண்டை போடாதே. நீ பழனிக்குப் போகிறேன் என்று போனை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாய், நான் நாலு தடவை அடித்துப் பார்த்தேன், அப்புறம் வேறு வழியில்லாமல் உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிக்கு அடித்து, "அம்மிணி, மாட்டுச்சாளையில் தீவன மூட்டைக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும், அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகித் திற" என்று சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன், முதலில் திற என்றேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். புஸ்ஸென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. திரும்பி வந்து, "அண்ணா, இது பதநீர் மாதிரி தெரியலையே" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

ஆறு மாசமாக ஒரு வரி எழுதாதவன் எழுதுகிற முதல் கடிதமே இப்படி ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தோப்பில் வெள்ளை ஈ இன்னும் போனபாடில்லை, பெரியவனுக்கு அமெரிக்காவில் வேலை நிலைத்துவிட்டது, சின்னவளும் பேத்தியும் லீவுக்கு வந்திருக்கிறார்கள். வாத்தியார் கேட்டார் உன்னை. தர்பூசணி விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

சரி, ஜாடிக்கு வருகிறேன்.

போர்ட்லண்டில் பெரியவன் வீட்டில் இருந்த ஆறு மாசத்தில் எனக்குப் பிடித்துப்போன ஒரே பழக்கம் அதுதான் என்று போனில் சொன்னேன் இல்லையா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவன் சமையலறையிலிருந்து காலி ஜாடியை எடுத்துக்கொண்டு கிளம்புவான், நம் ஊரில் சொசைட்டிக்குப் பால் கேனோடு போகிற மாதிரி. தெருமுனையில் ஒரு பீர்க்கடை. சுவரில் வரிசையாக முப்பது குழாய். எந்தக் குழாயில் இன்றைக்கு என்ன என்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். கடைக்காரப் பையன் ஜாடியை வாங்கி முகர்ந்து பார்ப்பான், அழுக்கு வாசனை வந்தால் கழுவுவான். அப்புறம் குழாயில் ஒரு நீளமான ரப்பர் டியூபை மாட்டி ஜாடியின் அடிவரை விட்டு, கீழேயிருந்து மேலாக நிரப்புவான். மேலேயிருந்து ஊற்றினால் நுரைதான் மிஞ்சும், கேஸ் எல்லாம் அங்கேயே போய்விடும். நல்ல கடையாக இருந்தால் நிரப்புவதற்கு முன்னால் ஜாடிக்குள் கொஞ்சம் கார்பன் டை ஆக்ஸைடை விட்டு உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுவார்கள். பீருக்குக் காற்று ஆகாது, பட்டால் இரண்டே நாளில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வந்துவிடும். கடைசியில் கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டு மூடியை இறுக்கித் தருவான். வீட்டுக்கு வந்ததும் நேரே பிரிட்ஜ். திறக்காமல் வைத்தால் சில நாள் தாங்கும், திறந்துவிட்டால் மறுநாளைக்குள் முடித்துவிட வேண்டும். முடித்த கையோடு சுடுதண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்து வைக்க வேண்டும், சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்த தடவை நுரை நிற்காது. இவ்வளவு ஒழுங்காக அவன் ஸ்கூலுக்கு டிபன் பாக்ஸ் கொண்டுபோனதே இல்லை.

பழுப்புக் கண்ணாடி அழகுக்காக இல்லையாம். வெளிச்சம் பட்டால் பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்புச் சத்து மாறி ஒரு நாற்றம் கிளம்புமாம். ஸ்கங்க் என்று அங்கே ஒரு பிராணி, பயந்தால் பின்பக்கமாகப் பீய்ச்சி அடிக்கும், அந்த நாற்றம். நம் மரநாய்க்குக் கள்ளென்றால் உயிர், ராத்திரி மரமேறிக் கலயத்தில் வாயை வைத்துவிடும். அந்த ஊர்ப் பிராணி நாற்றமாகவே குடிக்கிறவனைத் தேடி வருகிறது. அந்த ஹாப்ஸ் பூ அங்கேயே பக்கத்து வில்லாமெட் பள்ளத்தாக்கில் விளைகிறது, அதனால் கை தாராளம். முதல் மடக்கு எனக்கு வேப்பம்பூ ரசத்தில் சோடா கலந்த மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் நானே கரும்பலகையைப் பார்த்துக் குழாயைத் தேர்ந்தெடுத்தேன், அது வேறு விஷயம்.

அந்த ஜாடிக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் க்ரௌலர். உறுமுகிறவன் என்று அர்த்தம். அதைக் கேட்டதும் நான் "உறுமி" என்று பெயர் வைத்துவிட்டேன், மாரியம்மன் நோம்பிக்கு அடிக்கிற நம் உறுமிதான், பெரியவன் விழுந்து விழுந்து சிரித்தான். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு அவன் சொன்ன கதையில்தான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஜாடி இல்லை, தகரத் தூக்குதான். சாயங்காலம் ஆனால் வீட்டுப் பிள்ளைகளிடம் தூக்கைக் கொடுத்து, ஓடிப்போய் மதுக்கடையில் வாங்கி வா என்று அனுப்புவார்களாம். வருகிற வழியில் உள்ளே இருக்கிற கேஸ் மூடியைத் தள்ளிக்கொண்டு கரகரவென்று உறுமுமாம், அதனால் அந்தப் பெயர் என்று ஒரு பேச்சு. அப்புறம் தூக்கு வழக்கொழிந்துபோய், 1989-இல் வயோமிங் பக்கம் ஓட்டோ பிரதர்ஸ் என்று ஒரு சின்ன பீர்க்கம்பெனிக்காரர்கள் 64 அவுன்ஸ் கண்ணாடி ஜாடியில் அதை மறுபடி ஆரம்பித்தார்கள். நம் கணக்கில் ஒன்றே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, 1.89.

எனக்கு உடனே உன் தாத்தாவும் அந்த ஈயம் பூசிய தூக்குப்போசியும். கள் வாங்க மேட்டுக்கடைக்கு நாம் இரண்டு பேரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனதும், வரப்பில் உட்கார்ந்து மூடியால் ஆளுக்கு ஒரு மூடி குடித்துவிட்டு வாய்க்கால் தண்ணீரை ஊற்றி அளவைச் சரிக்கட்டியதும். அவர் ஒருநாளும் கண்டுபிடிக்கவில்லை என்று நீ இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாய். செத்துப்போவதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் கேட்டார், "ஏண்டா, அந்தக் கள்ளில் எப்பவும் ஒரு மீன்குஞ்சு கெடந்துச்சே, யாரு வேலை?"

அந்த ஆசையில்தான் இரண்டு உறுமி வாங்கி, வேட்டிக்குள் சுற்றி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. பெங்களூருவில் உன் மருமகன் சொன்னது வேறு மனசில் இருந்தது, 2020 ஊரடங்கில் அங்கே கடையிலேயே பீர் காய்ச்சி விற்கிற மைக்ரோப்ரூவரிகளில் இப்படி ஜாடியில் வீட்டுக்கு எடுத்துப்போகவிட்டார்களே, அங்கே பீர் என்றால் இங்கே நமக்குக் கள் என்று நினைத்தேன். தாடி நரைத்த வயதில் எனக்கு வந்த யோசனையைப் பார்.

சனிக்கிழமை சாயங்காலம் உறுமியை எடுத்துக்கொண்டு கள்ளு ஷாப்புக்குப் போனேன். ஒரு ஆள் கையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் கள் இருக்கக்கூடாது என்பது இங்கே கேரளாவில் சட்டம், அதனால் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பினால் கணக்குச் சரியாக வந்தது. டியூபெல்லாம் போட்டு அடியிலிருந்து நிரப்பச் சொன்னேன். கடைப்பையன் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நம் தோப்பில் பாளை சீவுகிற வேலுவண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கப்பை, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, தின்றுகொண்டிருந்தார். ஜாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியைத் திருகிப் பார்த்தார். "சாமி, இதுக்கு மூக்கு எங்கே?" என்று கேட்டார். இது அமெரிக்கா ஜாடி அண்ணா, கேஸ் வெளியே போகாது, அதுதான் விசேஷமே என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கப்பையைத் தின்ன ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருஷமாகக் காலையும் மாலையும் மரமேறுகிற மனுஷன் கேட்ட கேள்விக்கு நான் கம்பெனி ஏஜென்ட் மாதிரி பதில் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, பிரிட்ஜ் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறாள். பால் வைக்கிற இடத்தில் கள்ளா, குறுக்கே படுத்துவிடுவேன் என்றாள். சரி என்று அடுக்களை மேடைக்குக் கீழே, அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தேன். மூடியை நன்றாக இறுக்கி வைத்தேன். ராத்திரி இரண்டு மடக்கு குடிக்கலாம் என்றிருந்தேன், சின்னவள் முன்னால் எடுக்கக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன். ஞாயிறு காலையில் மறந்தே போனேன்.

ஞாயிறு மத்தியானம் மூன்றரை மணி. நான் திண்ணையில் படுத்திருந்தேன். டிரான்ஸ்பார்மர் வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அடுக்களை முழுக்கப் புளிச்ச வாசனை, மேடையில் பதித்த கடப்பைக்கல்லில் ஒரு விரிசல், அரிசி டிரம் ஒரு பக்கம் ஒடுங்கிப்போயிருக்கிறது. எதிர்ச்சுவரில் தினசரி காலண்டர் இருக்கிறதே, அதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிச் சில் தாளைக் கிழித்துக்கொண்டு அட்டையில் குத்தி நிற்கிறது. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம். குப்பு, அந்தக் காலண்டருக்குக் கீழேதான் பேத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கலர் பென்சிலில் படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ்காரன் மணி கேட்டு வெளியே ஓடியிருக்கிறாள். பென்சில் எல்லாம் அங்கேயே சிதறிக் கிடந்தது. அவள் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்துக்கு வரும் என்று நான் அளந்து பார்க்கவில்லை. அளக்காமலே தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உன் தங்கச்சி ஒரு வார்த்தை பேசாமல் டார்ச் அடித்து அடித்துச் சில்லுகளைப் பொறுக்கினாள், மறுநாளும் ஒரு தரம் பொறுக்கினாள்.

விடியற்காலையில் பெரியவனுக்குப் போன் போட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, குழாயில் வருகிற பீர் வேலை முடித்த சரக்கு. ஈஸ்ட் தின்ன வேண்டியதைத் தின்று முடித்து, குளிரவைத்து, இவ்வளவுதான் கேஸ் என்று அளந்து ஏற்றியது. அந்தக் கேஸைப் பிடித்து வைக்கத்தான் அந்த ஜாடி. அதையே வெயிலில் வைக்காதே என்கிறோம். நீங்கள் நொதித்துக்கொண்டிருக்கிறதை ஊற்றி மூடிவிட்டீர்களே" என்றான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள்கூட நொதிப்பு நிற்காததை அந்த ஜாடியில் அடைக்கக்கூடாதாம், அந்தக் கண்ணாடி அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்ததே இல்லையாம்.

யோசித்துப் பார், இது நமக்குத் தெரியாததா? பாளையிலிருந்து சொட்டும்போது தேன் மாதிரி, கலயத்தில் விழுந்த நிமிஷத்திலிருந்து பொங்க ஆரம்பித்துவிடும். காலைக் கள்ளுக்கும் அந்திக் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்கிற நாக்கு நமக்கு. மறுநாள் விட்டால் காடி. கடைக்குப் போகிற கேனில்கூட மூடியைத் தளர்த்திதான் வைக்கிறார்கள். உன் தாத்தாவின் தூக்குப்போசி மூடி லொடலொடவென்று ஆடும், அதை நாம் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்போம். அது ஆடியதால்தான் நம் இரண்டு பேர் கையும் இன்றைக்கு முழுசாக இருக்கிறது.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்து வயிறு கலங்கிவிட்டது. போன வாரம் நீ போனில் குசுகுசுவென்று சொன்னாயே, தென்னம்பதநீர் வாங்கி, சுண்ணாம்பு குறைவாகப் போடச் சொல்லி, உறுமியில் ஊற்றி மாட்டுச்சாளையில் ஒளித்து வைத்திருக்கிறேன், பழனி போய்வந்ததும் பக்குவமாக இருக்கும் என்று. சுண்ணாம்பு நிறைய இருந்தால்தான் பதநீர் பதநீராக இருக்கும். குறைந்தால் அது என்னவாகும் என்று உனக்குத் தெரியும், தெரிந்துதானே செய்தாய். 1987-லிருந்து உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் கள் கிடையாது என்று நீ புலம்புகிற புலம்பல் எனக்கும் புரிகிறது, வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் பெஞ்சு போட்டுக் குடிப்பதை அந்தப் பக்கம் ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது, அந்த நியாயத்தை நாம் மேட்டுக்கடையில் எத்தனையோ சாயங்காலம் பேசித் தீர்த்தாயிற்று. ஆனால் அந்தச் சாளையில் காலையும் மாலையும் குனிந்து பால் கறப்பது நீ இல்லை, தங்கச்சி. அதனால்தான் காட்டிக்கொடுத்தேன். திட்டுவதானால் திட்டு.

வேலுவண்ணனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "சொல்லியிருக்கணும் சாமி, அமெரிக்கா ஜாடின்னீங்க, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்" என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் சங்கடமாகப் போய்விட்டது. அவருக்கு முழங்கால் வலி அதிகமாகியிருக்கிறது, இந்த வருஷம் பதினைந்து மரம் குறைத்துக்கொண்டார். பையன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. யாரும் மரத்துக்கு வரப்போவதில்லை.

உன் உறுமியைத் தங்கச்சி கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாளாம், மல்லிவிதை போட்டுக்கொள்ளப் போகிறாளாம். திருப்பிக் கேட்காதே. அடுத்த ஞாயிறு நீ கிளம்பி வா, பத்து மணி பஸ்ஸுக்கு கொழிஞ்சாம்பாறையில் வந்து நிற்கிறேன், மேட்டுக்கடையில் உட்கார்ந்தே குடித்துவிட்டு வரலாம். வாத்தியாரையும் கூப்பிட்டிருக்கிறேன், தர்பூசணியைப் பற்றி நீயாக எதையும் ஆரம்பிக்காதே. தங்கச்சியிடம் எப்படிச் சொல்லிவிட்டு வருவாய் என்பது உன் பாடு, இந்தத் தடவை என்னை இழுக்காதே.

அப்புறம், அந்தத் தூக்குப்போசி இன்னும் உன் வீட்டுப் பரணில் இருந்தால் தேடி எடுத்து வை. மூடியோடு.

உன்,
மணி