அண்ணன் என்னைவிட அதிகம் உழைத்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஏழ்மையைப் பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். கடுமையாக உழைத்தால் வறுமையும் போய்விடும், நிற வேற்றுமையும் தானாக மறைந்துவிடும், நம் ஊருக்கும் இதே பாடம்தான் என்று முடித்திருந்தார் எழுதியவர். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். நம் ஊரையும் அதில் சேர்த்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். நான் வியாசர்பாடிக்காரன். பட்டியல் சாதியில் பிறந்தவன். மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் 37 வருடம் ஃபிட்டராக வேலை பார்த்து 2024இல் ஓய்வு பெற்றேன்.

அப்பா இறந்தபோது எனக்கு 11 வயது, அண்ணனுக்கு 13. இரண்டு பேரில் படிப்பில் கெட்டி அவர்தான். கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்து பையனை நிறுத்தாதீர்கள் என்று அம்மாவிடம் கெஞ்சிவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனாலும் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு அண்ணன் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தைக்கு வேலைக்குப் போனார். முதலில் கூடை தூக்கினார். மீசை அரும்பியதும் மூட்டை. இரவு ஒரு மணிக்கு எழுந்து, சும்மாடு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். காலையில் திரும்பும்போது கழுத்தில் சாக்கு உரசிய இடம் சிவந்து கிடக்கும். அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்தக் கூலியில்தான் நான் பத்தாவது முடித்தேன்.

1996இல் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. அண்ணனுக்குத் தூரம் கூடியது, கூலி கூடவில்லை. மழை பெய்து கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் லாரியில் வேறு ஆள் ஏறியிருப்பான். அன்றைக்குக் கூலி கிடையாது. இப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. முட்டி போய்விட்டதால் மூட்டை தூக்க முடிவதில்லை. உட்கார்ந்து வெங்காயம் தரம் பிரிக்கிறார். இன்னமும் வாடகை வீடுதான், ஒரே அறை. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது, சொந்தமாக இரண்டு அறை வீடு இருக்கிறது. ஒரே அம்மா வயிற்றில் பிறந்த இருவரில் அதிகம் உழைத்தவர் எப்படி ஏழையாக இருக்கிறார் என்பதை அந்தக் கட்டுரையாளர் எனக்கு விளக்க வேண்டும்.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. ஆனால் என் உழைப்புக்குப் பிடித்து ஏறக் கயிறு கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைத்தது. 1920இலேயே சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கிவைத்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறது. அப்புறம் அரசு ஐடிஐயில் உதவித்தொகையோடு இடம். அதன் பிறகு இடஒதுக்கீட்டில் வேலை. இவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் நானும் அண்ணனோடு கோயம்பேட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. பதவி உயர்வு வந்த நாளில் ஒரு மேலாளர், “உங்களுக்கென்னப்பா, கோட்டா இருக்கு” என்றார். இருபது வருடம் நான் பொருத்திக் கொடுத்த பாகங்களில் ஒன்றுகூட அளவு தவறித் திரும்பி வந்ததில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மருத்துவப் படிப்பையே பாருங்கள். நீட் வந்த பிறகு, தமிழகம் முழுக்க அரசுப் பள்ளியில் படித்து அரசு ஒதுக்கீட்டில் எம்பிபிஎஸ் சேர்ந்த பிள்ளைகளை 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அந்த ஒரே ஆண்டில் 300க்கு மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முந்தின வருடப் பிள்ளைகள் எல்லாம் சோம்பேறிகளா? அவர்களும் அதே விளக்கடியில் அதே புத்தகத்தைத்தான் படித்தார்கள்.

என் மனதை அதிகம் அறுப்பது அண்ணன் மகள் விஷயம். பி.காம். படித்து ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். கல்யாணமானபின் அவளும் கணவரும் வீட்டுக்கடன் கேட்டு ஓரிடத்தில் விண்ணப்பித்தார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி எல்லாம் சரியாக இருந்தன. முகவரியில் வியாசர்பாடி, சென்னை-39 என்று பார்த்ததும் அந்த ஊழியர், “அந்த ஏரியா நெகட்டிவ் லிஸ்ட்ல இருக்கு மேடம்” என்றாராம். கொளத்தூரில் வீடு பிடித்துக் குடிபோய், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் கேட்டாள். கிடைத்தது. சம்பளம் அதே சம்பளம், வேலையும் அதே வேலை. கடன் கிடைத்த செய்தியை அப்பாவிடம் சொல்ல வந்தவள், பிறந்து வளர்ந்த தெருவை ஒளித்துத்தானே வாங்கினேன் என்று அழுதாள்.

கட்டுரையாளர் சொன்ன அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1930களில் அங்கே அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு அதில் சிவப்பு நிறம். அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று அதற்கு அர்த்தம். அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் எஃகு ஆலையில் உழைத்தாலும் சரி, பள்ளியில் பாடம் நடத்தினாலும் சரி, வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிது. 1968இல்தான் அந்தப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குள் ஒரு தலைமுறை வாடகையிலேயே வாழ்ந்து முடித்திருந்தது. பிள்ளைகளுக்கு விட்டுப்போக அவர்களிடம் சொத்து என்று ஏது?

கட்டுரையாளருக்கு என்மீது கோபம் வர வேண்டாம். உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அண்ணன் தோளைப் பார்த்து வளர்ந்தவன் அப்படிப் பேச முடியாது. கட்டுரையாளர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வரட்டும். அண்ணனையும் வரச் சொல்கிறேன். இரவெல்லாம் சந்தையில் இருந்துவிட்டு வந்து தூங்குவார், அதனால் மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் நல்லது. கொத்தவால்சாவடியில் அவர் எழுதிவைத்த கூலிக் கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. கணக்கில் அவர் எவ்வளவு கெட்டி என்பதை அதில் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை-39