யளனக இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் கணினிக் கேள்வி பதிலில், விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பொத்தான் நடுவில் கிடப்பது தொல்லையாக இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "வயதானவர்களுக்குப் புதிய முகப்பு பழகச் சற்று நாளாகும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் நிபுணர். கேட்டவரின் வயது கேள்வியில் எங்கும் இல்லை. ஜோசியமும் தெரிந்தவர் போலிருக்கிறது.

எனக்கு 56 வயது. தாலுகா ஆபீஸ் எதிரே 27 வருடமாக ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பட்டா மாறுதல் மனுவோ வாடகை ஒப்பந்தமோ, ஆள் சொல்லச் சொல்ல அடித்து, அவர் எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் பிரிண்ட் கையில் கொடுத்துவிடுவேன். டைப்ரைட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே திறக்கும் யூனிகோடுக்கு மாறினேன். அதற்கெல்லாம் காரணம் இருந்தது. பாமினியில் அடித்த மனுவை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடு வந்து அந்தச் சனியன் ஒழிந்தது. சந்தோஷமாகப் பழகிக்கொண்டேன்.

ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்குப் போனதில் யாருக்கு என்ன லாபம்? 1995-லிருந்து அது இருந்த இடது கீழ் மூலை சும்மா ஒரு இடமில்லை ஐயா. மவுஸை அந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் போதும், திரையின் ஓரத்தில் முட்டி அம்பு தானாக நிற்கும். மனுவிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. நடுவில் முட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. தேடிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அதிலும் ஒரு கூத்து: ஒவ்வொரு புரோகிராமாகத் திறக்கத் திறக்க, படங்கள் கூடி, வரிசை முழுவதும் நடுவில் நிற்பதற்காக ஒதுங்கிக் கொடுக்கும். ஸ்டார்ட் பொத்தானும் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் போகும். மூடினால் திரும்பி வரும். காலையில் ஓர் இடம், கூட்ட நேரத்தில் ஓர் இடம்.

இதை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிகிறது என்றார்கள். 2017-ல் வாங்கிய என் பெட்டியில் புதியது ஏறாது, பிராசஸர் குறைந்தது எட்டாம் தலைமுறையாக இருக்க வேண்டும், உங்களுடையது ஏழு என்றார்கள். ஒரு மக்கர் பண்ணாமல் ஓடிய பெட்டியை ஓரங்கட்டிவிட்டு நகையை அடகு வைத்துப் புதுப் பெட்டி வாங்கினேன்.

வாங்கிய மறுவாரம் நடந்ததைக் கேளுங்கள். ஒரே கட்டட ஓனருடைய இரண்டு கடைகளுக்கு வாடகை ஒப்பந்தம், ஒன்று மாவுமில், ஒன்று சலூன். முன்பெல்லாம் கீழே பட்டையில் ஒவ்வொரு ஃபைலும் தன் பெயரோடு தனித்தனியாக நிற்கும். இதில் இரண்டும் ஒரே படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. 100 ரூபாய் பத்திரத் தாளை வைத்து, மாவுமில் என்று நினைத்து பிரிண்ட் கொடுத்து, மாவுமில்காரர் கையில் நீட்டிவிட்டேன். அவரும் நிதானமாகப் படித்துவிட்டு, "ஏங்க, சலூனுக்கு அட்வான்ஸ் இவ்வளவுதானா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலூன்காரரைப் பார்த்தார். அன்று மாலை ஓனர் என் கடை வாசலில் நின்று பேசிய பேச்சைக் கடிதத்தில் எழுத முடியாது. பத்திரத் தாள் காசும் என் கணக்கு.

பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பிதான் வந்து, ஃபைல்கள் பழையபடி பெயரோடு தனித்தனியாக நிற்கும்படி அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தான். "2021-ல இது வந்தப்ப இந்த வசதியே கிடையாதுக்கா, 2023-லதான் திருப்பிக் குடுத்தாங்க" என்றான். பிடுங்குவதும் பிறகு திருப்பிக் கொடுப்பதும் அவர்களுக்கு வாடிக்கை. 2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானையே காணோம். கம்ப்யூட்டரை அணைக்க வழி தெரியாமல், வலது மூலையில் மவுஸை வைத்தால் ஒரு பட்டை எட்டிப் பார்க்கும் என்பதும் தெரியாமல், முதல் நாள் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். மறு வருடம் பொத்தானைக் கொடுத்தார்கள், பழைய மெனுவைக் கொடுக்கவில்லை. அது 2015-ல்தான் வந்து சேர்ந்தது. வேர்ட் 2007-ல் ஃபைல் மெனுவை எடுத்துவிட்டு வட்டமாக ஒரு சின்னத்தை வைத்தார்கள். பிரிண்ட் அதற்குள் இருந்தது. 2010-ல் மறுபடி ஃபைல். அப்போதெல்லாம் எனக்கு வயதாகவில்லை, சரிதானே?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் பாடம் 'யளனக', இடது கையின் நான்கு விரலுக்கு நான்கு எழுத்து. இடது சுண்டு விரல் வைத்த இடத்தில் 'ய'. இன்றைக்கும் என் விரல் அங்கேதான் போகிறது, 'ய' அங்கேதான் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்குமென்று யாரும் அதை நடுவில் கொண்டுபோய் வைக்கவில்லை.

தாங்கள் அறியாததல்ல. தங்கள் பத்திரிகையும் சென்ற தையில் 'புதுப்பொலிவு' கண்டதே! கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தை ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு அடியில் தள்ளி, கட்டங்களைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கினீர்கள். அப்போதும் எழுதினேன். அடுத்த வாரமே 'வாசகர்கள் வரவேற்ற புதிய வடிவமைப்பு' என்று போட்டீர்கள். வரவேற்றவர்களில் ஒருவரையாவது எனக்குக் காட்டினால், அவருக்கு ஒரு வருடத்துக்கு மனு இலவசமாக அடித்துத் தருகிறேன்.

அந்த வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். கீழ்ப்பட்டையின் காலி இடத்தில் ரைட் கிளிக். அதில் டாஸ்க்பார் செட்டிங்ஸ். உள்ளே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ். அங்கே அலைன்மென்ட் என்பதை லெஃப்ட் என்று மாற்றினால் பொத்தான் பழைய மூலைக்கு வந்துவிடும்.

வரும் ஞாயிறு இதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், 'வயதானவர்களுக்கு' என்ற தலைப்பு இல்லாமல். குறுக்கெழுத்தைக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டுவர முடியாவிட்டால், கட்டங்களையாவது பேனா நுழைகிற அளவுக்கு ஆக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஜாப் டைப்பிங் கடைக்காரி,
சங்கரன்கோவில்.